அரிய சுவடிகளையும் பழைய அச்சு நூல்களையும் பட்டியலிடுதல்: இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், இராமேசுவரம், பெரியபட்டினம், கீழக்கரை என நீளும் இராமநாதபுரம் கடற்கரையில் பழைய ஏட்டுக்கட்டுகளும் கையெழுத்துப் படிகளும் 19ஆம் நூற்றாண்டு அச்சு நூல்களும் நூலக அலமாரிகளில் மட்டுமன்றி வீட்டுப் பரண்களிலும் மதரசா, மடம், கோயில், தேவாலயம் ஆகியவற்றின் மரப்பெட்டிகளிலும் இருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்களும், சிறு நூலகங்களில் பட்டியலிட முன்வரும் இளைஞர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறோம். நூலகவியல் படித்திராதவர்களையும் மனத்தில் கொண்டே எழுதியிருக்கிறோம்.

அரிய நூல் என்று எதைச் சொல்வது? நூறு ஆண்டு ஆகியிருந்தால் போதுமா?

கையெழுத்துச் சுவடிக்குச் சட்டமே ஓர் எல்லையை வகுத்திருக்கிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள் மற்றும் கலைப்பொக்கிஷங்கள் சட்டம், அறிவியல், வரலாறு, இலக்கியம், அழகியல் ஆகியவற்றில் மதிப்புடையதாய்க் குறைந்தது 75 ஆண்டு பழமை கொண்ட சுவடியைத் தொல்பொருளாகக் கொள்கிறது. 2003இல் தொடங்கிய தேசியச் சுவடிகள் இயக்கமும் அதே 75 ஆண்டைத்தான் அளவாக வைத்தது.

அச்சு நூலில் கணக்கு வேறு. 1867ஆம் ஆண்டு அச்சகங்கள் மற்றும் புத்தகப் பதிவுச் சட்டம் வந்த பிறகு அச்சான நூல்கள் அரசிடம் பதிவாயின; காலாண்டுப் பட்டியல்களிலும் இடம்பெற்றன. அதற்கு முற்பட்ட நூல்களுக்கு அத்தகைய அரசுப் பதிவு கிடையாது. எனவே 1867க்கு முந்தைய தமிழ் அச்சு நூல் எதுவானாலும், எவ்வளவு கிழிந்திருந்தாலும், அரிய நூலாகவே நடத்துங்கள்.

ஆனால் ஆண்டை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. கனமான அட்டை போட்ட புராணப் பதிப்புகளைப் புலவர்களும் மடங்களும் வாங்கிப் பாதுகாத்ததால் அவற்றின் படிகள் பல இடங்களில் கிடைக்கின்றன. எட்டுப் பக்கம், பதினாறு பக்கம் கொண்ட சிந்து, கும்மி, முனாஜாத்து (இசுலாமிய இறைவேண்டல் பாட்டு) சிறுநூல்களும், திருவிழா நோட்டீசுகளும், படகுக் கட்டண அட்டைகளும் படித்து முடித்ததும் பொட்டலம் மடிக்கப் போய்விட்டன. 1920களில் அச்சான ஒரு சந்தைப் பாட்டு, 1870களின் பெரிய பதிப்பைவிட அரிதாக இருக்கக்கூடும். நூலகத்தில் இடம் போதவில்லை என்று கழிப்பதாக இருந்தால் இந்தச் சிறுநூல்களைக் கடைசியாகத் தொடுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு பெட்டி நிறைய ஏடுகள் இருக்கின்றன. முதலில் என்ன செய்ய வேண்டும்?

பிரிக்காதீர்கள். பெரியது சிறியது என்று அடுக்கவும் வேண்டாம், மருத்துவம் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் என்று வகைப்படுத்தவும் வேண்டாம். பெட்டி இருந்த நிலையிலேயே ஒரு படம் எடுத்துக்கொண்டு, மேலிருந்து கீழாக ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு எண்ணைத் தாள் சீட்டில் பென்சிலால் எழுதிக் கட்டுக்கயிற்றில் செருகுங்கள். ஏட்டின் மீது எதையும் எழுதக் கூடாது. ஒட்டுத்தாள் கூடவே கூடாது, இந்தக் கடற்கரையின் ஈரத்தில் பசை இளகி ஓலையில் இறங்கிவிடும்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்பார்கள். எந்தக் கட்டோடு எந்தக் கட்டு சேர்ந்து இருந்தது என்பதே ஒரு சான்று. பெயரில்லாத மருத்துவ ஏட்டுக்கு மேலே அதே கையெழுத்தில் ஒரு கடன் முறி, அதாவது கடன் பத்திரம், கிடந்தால், அந்த முறியில் உள்ள ஊரும் ஆண்டும் மருத்துவ ஏட்டுக்கும் துப்பாக அமையும். இரண்டையும் வேறு வேறு அலமாரியில் வைத்துவிட்டால் அந்தத் துப்பு போய்விடும், பிறகு யாராலும் மீட்க முடியாது.

ஒரு கட்டுக்குள் பல நூல்கள் இருந்தால் ஒரு பதிவா, பல பதிவுகளா?

இரண்டும் வேண்டும். கட்டு ஒரு பொருள். அதற்கு ஒரே சேர்க்கை எண், அதாவது தொகுப்பில் சேரும் வரிசைப்படி கொடுக்கும் எண். அதனுள் இருக்கும் ஒவ்வொரு நூலும் ஓர் உட்பதிவு. நூல்களுக்கு மட்டும் பதிவு எழுதிக் கட்டை விட்டுவிடுவதே பழைய அட்டவணைகள் பலவற்றில் நாம் காணும் பெருங்குறை. தலைப்பும் ஆசிரியரும் இருக்கும், அந்த நூல் எந்தக் கட்டில் எத்தனையாவது ஏட்டில் தொடங்குகிறது என்ற செய்தி இருக்காது.

ஒரு மாதிரிப் பதிவைக் காட்டினால் தெளிவாகும். கட்டு எண் 17 என்று வைத்துக்கொள்வோம். “பனையோலை, 31.5 × 3 செ.மீ.; ஏடு 1–64, இவற்றுள் 23, 24 இல்லை, 40 என்ற எண் அடுத்தடுத்த இரண்டு ஏடுகளில் உள்ளது; பக்கத்துக்கு 6 முதல் 8 வரி; இரு துளை, இடத்துளையில் மட்டும் பருத்திக் கயிறு, நுனியில் கிளிமூக்கு; மரச்சட்டம் ஒன்று மட்டும் உள்ளது; வலப்புற ஓரம் பூச்சி அரித்தது, எழுத்துக்குச் சேதம் இல்லை. உள்ளே: (1) ஏடு 1–38, வைத்தியப் பாடல்கள், முதல் ஏடு சிதைவு; (2) ஏடு 39–57, இராமேசுவரம் பற்றிய மாலை, முழுமை; (3) ஏடு 58–64, நெல், பணக் கடன் கணக்கு, வேறு கையெழுத்து.”

இதில் பாராட்டும் கருத்தும் கிடையாது. ஆயினும் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து இதைப் படிக்கும் ஒருவர், தம்மிடம் உள்ள குறைப்படியின் விடுபட்ட ஏடுகள் இந்தக் கட்டில் இருக்குமா என்று முடிவு செய்துகொள்ள முடியும். கிளிமூக்கு என்பது கயிற்றின் நுனியில் கிளியின் மூக்குப் போல நறுக்கிக் கட்டும் ஓலைத் துண்டு. ஏடு என்பது ஓலை ஒன்று, பக்கம் இரண்டு. 12ஆம் ஏட்டின் முன்பக்கம், 12ஆம் ஏட்டின் பின்பக்கம் என்றே குறிக்க வேண்டும். எண் பெரும்பாலும் ஏட்டின் இடப்புற ஓரத்தில் தமிழ் எண்ணில் இருக்கும்.

தலைப்பே இல்லாத ஏட்டுக்கு என்ன பெயர் கொடுப்பது?

ஏட்டில் தலைப்பு இருந்தால் அதை உள்ளபடி எழுதுங்கள், எழுத்துப்பிழை இருந்தாலும் திருத்தாமல். தலைப்பு இல்லையென்றால் பட்டியலிடுபவர் ஒரு பெயரைச் சூட்டிச் சதுர அடைப்புக்குள் இட வேண்டும்: [வைத்தியப் பாடல்கள்]. அடைப்பு இருந்தால் அந்தப் பெயர் நம்முடையது, ஏட்டினுடையது அன்று என்று பொருள். இதோடு நூலின் முதல் வரியையும் கடைசி வரியையும் தவறாமல் படியெடுத்துக் கொடுங்கள். தலைப்பு பொய் சொன்னாலும் முதல் வரி காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் காப்புச் செய்யுள் பல நூல்களில் பொதுவாக வருவது உண்டு என்பதால், காப்பைத் தவிர்த்து நூலின் முதற்பாடலையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது.

ஒரே இடத்துக்கும் நூலுக்கும் பல பெயர் வழங்குவதை இங்கே கவனிக்க வேண்டும். இராமேசுவரம் பழைய இலக்கியத்தில் தேவை என்றும் சேது என்றும் வரும். தேவையுலாவைத் தேடுபவர் இராமேசுவரம் என்று தட்டினாலும் அது கிடைக்க வேண்டும். அதற்கு ஊர்ப்பெயரின் எல்லா வடிவங்களையும் மாற்றுப் பெயர்களாகப் பதிவில் இணைத்துவிட வேண்டும். ஆசிரியர் பெயரிலும் இதே எச்சரிக்கை தேவை. மருத்துவ ஏடுகளில் அகத்தியர், போகர் என்று வருவதை ஆசிரியர் இடத்தில் அப்படியே போடாமல், “அகத்தியர் பெயரில் வழங்குவது” என்று எழுதுவதே நேர்மை.

ஓலை எழுத்தைப் படிக்க முடியவில்லை. புள்ளியும் இல்லை, நெடிலும் தெரியவில்லை. எப்படிப் படியெடுப்பது?

ஓலையில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு எழுத்தில் தெரியாது. காலும் ரகரமும் ஒரே வடிவில் இருக்கும். எனவே “கொடு” என்று கண்ணுக்குத் தெரிவது கொடுவாகவும் இருக்கலாம், கோடாகவும் இருக்கலாம்.

பட்டியலில் இரண்டு வரியாகக் கொடுப்பதே எங்கள் பழக்கம். மேல்வரியில் ஏட்டில் உள்ளபடி; கீழ்வரியில் நாம் படித்தபடி, புள்ளியும் நெடிலும் சேர்த்து, சந்தி பிரிக்காமல். படிக்க முடியாத எழுத்துக்கு ஒரு புள்ளி, சிதைந்து போன பகுதிக்கு அடைப்புக்குள் தோராய எழுத்தெண்ணிக்கை. கீழ்வரி மட்டும் போதாதா என்று கேட்டுச் சோம்பல்படுபவர்கள் உண்டு. பட்டியலிடுபவர் ஊகித்துச் சேர்த்த ஒரு கால், பின்னால் வரும் ஆய்வாளருக்குப் பாட வேறுபாடாகத் தோன்றிவிடும் என்பதால் மேல்வரியை விடக் கூடாது.

எங்கள் ஏடு ஆயிரம் ஆண்டு பழமையானது என்று தாத்தா சொல்வார். அப்படியே எழுதலாமா?

கூடாது. நூலின் காலம் வேறு, படியின் காலம் வேறு. ஓலை நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் பூச்சிக்கும் சில நூற்றாண்டுக்கு மேல் தாங்குவது அரிது. அதனால்தான் ஏடு மறுபடி மறுபடி பெயர்த்து எழுதப்பட்டது. இன்று கையில் கிடைக்கும் தமிழ் ஏடுகளில் பெரும்பாலானவை 18, 19ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. சங்கப் பாடல் எழுதிய ஏடும் அப்படித்தான். தாத்தா சொன்னதைக் “குடும்ப வழக்கு” என்று குறிப்புப் பகுதியில் எழுதுங்கள், அதுவும் ஒரு செய்திதான். காலம் என்ற இடத்தில் ஏடே சொல்வதை மட்டும் எழுதுங்கள்.

ஏடு சொல்லும் ஆண்டை ஆங்கில ஆண்டாக மாற்றுவது எப்படி?

எழுதி முடித்தவர் கடைசி ஏட்டில் ஆண்டு, மாதம், தேதி, கிழமை, சில வேளை நட்சத்திரமும் கொடுத்திருப்பார். பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபதாண்டு வட்டத்தில் பெயர் மட்டும் இருந்தால் அது அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வரும். விரோதி வருடம் கார்த்திகை என்றால் அது 1829ஆகவும் இருக்கலாம், 1889ஆகவும் 1949ஆகவும் இருக்கலாம். கூடவே கொல்லம் 1005 என்று இருந்தால் ஐயம் தீர்ந்தது: கொல்லம் ஆண்டோடு, ஆவணி முதல் மார்கழி நடு வரை 824ஐயும் அதன் பின் 825ஐயும் கூட்ட வேண்டும் என்பதால் அது 1829 ஆகும். அதே விரோதியில் தை மாதம் என்றால் ஆங்கில ஆண்டு 1830 ஆகிவிடும். மாதம் தெரியாத போது 1829–30 என்று இரண்டையும் எழுதுங்கள். சக ஆண்டுக்கு 78 கூட்டினால் போதும், ஆண்டின் கடைசி மாதங்களுக்கு 79. கிழமையும் நட்சத்திரமும் இருந்தால் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் கால அட்டவணைகளோடு ஒத்துப் பார்க்கலாம்.

ஹிஜ்ரி ஆண்டுக்குக் கூட்டல் கணக்கு உதவாது. சந்திர ஆண்டு ஏறத்தாழ 354 நாள்தான் என்பதால் இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும். ஹிஜ்ரி 1300 என்பது 1882 நவம்பரில் தொடங்கி 1883இல் முடிந்தது. மாற்று அட்டவணையைப் பார்த்தே எழுத வேண்டும்.

கணக்கெல்லாம் சரியாக வந்த பிறகும் ஒரு கண்ணி மிச்சமிருக்கிறது. படியெடுத்தவர் சில வேளை மூல ஏட்டின் முடிவுக் குறிப்பையும் சேர்த்தே பெயர்த்து எழுதிவிடுவார். அப்போது நாம் காணும் ஆண்டு கையிலிருக்கும் ஓலையின் ஆண்டு அன்று, அதன் தாய் ஏட்டின் ஆண்டு. முடிவுக் குறிப்பில் ஒரு பெயரும், அதற்குக் கீழே வேறொரு பெயரும் இருந்தால் இந்த ஐயத்தைப் பதிவில் எழுப்புங்கள். ஏட்டில் உள்ள ஆண்டை உள்ளபடியும், நம் கணக்கை அடைப்புக்குள்ளும் வைத்துவிட்டால் பின்னால் வருபவர் சரிபார்த்துக்கொள்வார்.

கீழக்கரைப் பக்கத்து வீடுகளில் உள்ள அரபு எழுத்து நூல்களை அரபு மொழி என்று போட்டுவிடலாமா?

போடக் கூடாது. இந்தக் கரையில் பட்டியல்களைக் கெடுக்கும் தவறுகளில் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். எழுத்து அரபு, மொழி தமிழ். அதற்கு அரபுத்தமிழ் என்று பெயர். தமிழில் உள்ள, அரபியில் இல்லாத ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் கூடுதல் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து உருவாக்கிய முறை அது. 17ஆம் நூற்றாண்டு அரபு அறிஞரான கீழக்கரை சதக்கத்துல்லா அப்பா காலத்திலிருந்தே இவ்வூர் அரபுக் கல்விக்குப் பெயர் பெற்றது. 19ஆம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அரபியிலும் அரபுத்தமிழிலும் நிறைய எழுதினார். எனவே ஒரே பெட்டியில் அரபு மொழி நூலும் அரபுத்தமிழ் நூலும், அரபு மூலத்தின் கீழ் வரிக்கு வரி தமிழ்ப் பொருள் எழுதிய நூலும் கலந்தே கிடைக்கும். மொழி என்ற இடத்தில் தமிழ், எழுத்து என்ற இடத்தில் அரபு என்று தனித்தனியாக எழுதுங்கள். கலப்பு நூலுக்கு இரண்டு மொழியையும் எழுதுங்கள். அரபு எழுத்துத் தெரியாதவர் தனியாக இதைச் செய்ய முயலாமல், ஊரில் ஓதத் தெரிந்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தால் ஒரு பிற்பகலில் பெட்டி முழுவதும் தெளிவாகிவிடும்.

இந்நூல்கள் வலமிருந்து இடமாகச் செல்பவை. தமிழ் நூலுக்குப் பின்னட்டையாகத் தோன்றும் பக்கமே இவற்றுக்கு முன்னட்டை. பக்க எண் இல்லாத கையெழுத்துப் படியில் ஒரு பக்கத்தின் அடியில் அடுத்த பக்கத்தின் முதற்சொல் தனியாக எழுதப்பட்டிருக்கும். அந்தச் சொற்களைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டு போனால் எங்கே தாள் விடுபட்டது, எங்கே இடம் மாறிக் கட்டப்பட்டது என்று தெரிந்துவிடும். அந்தச் சொல்லைப் பக்கத் தலைப்பாக எண்ணிப் பதிவில் ஏற்றியிருப்பதையும் கண்டிருக்கிறோம்.

கையெழுத்துப் படியா, கல்லச்சா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கல்லச்சில் எழுதுபவர் கையால் எழுதியதே கல்லுக்கு மாற்றி அச்சிடப்படுவதால், அரபுத்தமிழ்க் கல்லச்சு நூல் பார்வைக்குக் கையெழுத்துப் படி போலவே இருக்கும். வீட்டார் அதை முப்பாட்டனார் கையால் எழுதியது என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். அவசரப்பட்டு மறுக்கவும் வேண்டாம், ஒப்புக்கொள்ளவும் வேண்டாம்.

பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கண்ணாடி போதும். கையால் எழுதிய எழுத்தில் மை தொடங்கும் இடத்தில் கனமாகவும் இழுபட்ட இடத்தில் மெலிந்தும் இருக்கும். பேனாவைத் தோய்த்த பிறகு வரும் சொற்கள் கருத்தும், அடுத்த தோய்ப்புக்கு முன் வெளிறியும் இருக்கும். கல்லச்சில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒரே கருமை. கையெழுத்துப் படியில் தலைப்பும் புள்ளிகளும் பல வேளை சிவப்பு மையில் இருக்கும், கல்லச்சில் பெரும்பாலும் எல்லாமே கறுப்பு. நூலின் முதலிலோ கடைசியிலோ அச்சுக்கூடத்தின் பெயர் சிறு எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கையெழுத்துப் படி என்று உறுதியானால் தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். கப்பல் வணிகம் நடந்த ஊர்களில் ஐரோப்பியத் தாள் புழங்கியது. நீர்க்குறியில் ஆண்டோ, அரபு நாடுகளின் சந்தைக்கென இத்தாலியில் செய்த தாளின் மூன்று பிறையோ தெரியக்கூடும். நீர்க்குறியில் 1836 என்று இருந்தால் படி 1836க்கு முற்பட்டதாக இருக்க முடியாது; அதே ஆண்டில் எழுதியது என்று சொல்ல அது போதாது.

அச்சு நூலில் முதற்பக்கத்தைப் பார்த்து எழுதினால் போதாதா?

முதற்பக்கத்தை வரிக்கு வரி உள்ளபடி எழுதுவதுதான் முதல் வேலை, சுருக்காதீர்கள். 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் நூலின் முதற்பக்கம் ஒரு நீண்ட வாக்கியம்: இயற்றியவர், உரை செய்தவர், பரிசோதித்தவர், கேட்டுக்கொண்டவர், பொருளுதவி செய்தவர், அச்சுக்கூடத்தின் உரிமையாளர் எல்லாரும் அதில் வரிசையாக வருவார்கள். இவர்களில் யாரை ஆசிரியர் இடத்தில் போடுவது என்று குழம்பி, அச்சிட்டவரை ஆசிரியராக்கிவிடுவது வழக்கமான பிழை. ஒவ்வொருவரையும் அவரவர் செய்த வேலையோடு தனித்தனியாகக் குறியுங்கள்.

இராமநாதபுரத்துக்கு இது இன்னும் முக்கியம். இச்சீமையின் பெயர் தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் பெரும்பாலும் ஆசிரியர் இடத்தில் வராமல் புரவலர் இடத்தில்தான் வருகிறது. இராமநாதபுரம் அரச குடும்பத்துப் பொன்னுசாமித் தேவர் ஆறுமுக நாவலரின் பதிப்புகளுக்குத் துணைநின்றார். அவர் மகன் பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார், சங்கத்தின் செந்தமிழ் இதழும் அதைத் தொடர்ந்து வந்தது. கீழக்கரை சீதக்காதியின் பெயரோடு பிணைந்த சீறாப்புராணம் 1842இல்தான் அச்சேறியது. புரவலர் பெயருக்குத் தனி இடம் வைக்காத பட்டியலில் இந்த வட்டாரமே காணாமல் போய்விடும்.

அடுத்து, பதிப்பு வேறு, படி வேறு. இரண்டாம் பதிப்பு என்று முகப்பில் இருந்தும் எழுத்துக் கோப்பு முதற்பதிப்பினுடையதாக இருப்பது உண்டு. பக்க எண்ணிக்கை, வரி எண்ணிக்கை, பிழைதிருத்தப் பட்டி ஆகியவற்றை ஒப்பிட்டால்தான் தெரியும். ஜான் முர்டாக் 1865இல் வெளியிட்ட தமிழ் நூற்பட்டியலும், பார்னெட்டும் போப்பும் தொகுத்து 1909இல் வெளிவந்த பிரித்தானிய அருங்காட்சியகத் தமிழ் நூற்பட்டியலும் இதற்குக் கைகொடுக்கும். அவற்றில் இல்லை என்பதாலேயே உலகில் வேறு படி இல்லை என்று எழுதிவிடாதீர்கள். இன்ன பட்டியலில் இல்லை என்று மட்டும் எழுதுங்கள்.

நம் கையிலுள்ள படிக்கு மட்டும் உரிய செய்திகளும் வேண்டும்: உரிமையாளர் கையெழுத்து, முத்திரை, ஓரக்குறிப்பு, இடையில் செருகியிருந்த கடிதம். கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர் அச்சுக்கூடங்களின் நூல்கள் இந்த ஊர்களுக்கு வணிகர்களோடு வந்து சேர்ந்தன. 1887இல் சிங்கப்பூரில் தொடங்கிய சிங்கைநேசன் போன்ற இதழ்களின் ஒற்றைத் தாள் பழைய கணக்குப் புத்தகத்துக்கு மேலுறையாகக் கிடைத்தாலும் வியப்பதற்கில்லை. மேலுறையைக் கிழித்து எறிந்துவிட்டு உள்ளிருப்பதைப் பட்டியலிடும் ஆர்வக் கோளாறு வேண்டாம்.

எந்த மென்பொருள், எந்த விதிமுறை?

ஒன்றும் இல்லாவிட்டால் எக்செல் போன்ற ஒரு கட்டக்கோப்பு போதும். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு நெடுவரிசை என்ற ஒழுங்கு இருந்தால் பிறகு எதற்கும் மாற்றிக்கொள்ளலாம். நூலகமாக நடத்துபவர்களுக்குக் கோஹா என்ற நூலக மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது; அது, ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண்ணிட்ட இடம் வைக்கும் மார்க் 21 அமைப்பைப் பின்பற்றுகிறது. அதில் தலைப்பு 245, மாற்றுத் தலைப்பு 246, உள்ளடக்கம் 505, மொழியும் எழுத்தும் 546, உடைமை வரலாறு 561. சுவடிக்கு 546, 561 இரண்டையும் காலியாக விடாதீர்கள்.

மென்பொருளைவிட எழுத்துரு பற்றிய கவனம்தான் அதிகம் தேவை. தமிழ் எண் ௧ வேறு, எழுத்து க வேறு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் யூனிகோடில் இரண்டும் தனித்தனி. ௌ என்ற குறியும் ெ, ள என்று இரண்டாகத் தட்டியதும் அப்படியே. ஸ்ரீ இரண்டு விதமாகப் பதிவாகிறது, அதனால் ஒரு விதத்தில் தேடினால் மற்றொன்று அகப்படாது. பட்டியல் முழுவதையும் ஒரே விசைப்பலகையில் தட்டி, இந்த எழுத்துகளுக்கு ஒரு தீர்மானத்தை முதலிலேயே எழுதி மேசைமேல் ஒட்டிவையுங்கள். பழைய ணை, லை, றா, னா வடிவங்கள் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் வரும். யூனிகோடில் அவற்றுக்குத் தனிக் குறி இல்லை, இன்றைய வடிவிலேயே தட்டலாம்.

பொருள்வாரியாக அலமாரியில் அடுக்கலாமா?

வேண்டாம். ஒரு கட்டில் வைத்தியமும் மாலையும் கணக்கும் இருக்கும்போது பொருள் எண்ணுக்கு வழியில்லை. சேர்க்கை எண் வரிசையில் அடுக்கி, பொருளைப் பட்டியலில் தேட விடுங்கள்.

பட்டியலிடுவதற்கு முன் சுத்தம் செய்து, மை பூசிவிட்டால் படிக்க எளிதாக இருக்குமே?

மென்மையான தூரிகையால் தூசு தட்டுவதோடு நிறுத்துங்கள். சரசுவதி பூசையில் ஆண்டுதோறும் வைத்துக் கும்பிட்ட கட்டின் மேலேட்டில் சந்தனமும் குங்குமமும் படிந்திருக்கும். அதைக் கழுவக் கூடாது. அக்கட்டு வீட்டில் எப்படி மதிக்கப்பட்டது என்பதற்கு அதுவே சான்று, குறிப்பில் எழுதுங்கள். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசும் பழைய முறை எழுத்தைத் தெளிவாக்கும் என்பது உண்மைதான்; ஆனால் தேர்ந்தவர் கையால், படம் எடுத்த பிறகு, எந்த ஏடுகளுக்குச் செய்தது என்று பதிவிட்டே செய்ய வேண்டும். பூசாத ஏட்டையும் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் கீறல் நிழல் கட்டிப் படிக்க வரும். முதலில் அதைச் செய்து பாருங்கள்.

அச்சு நூலுக்கு இந்தக் கரையில் பெரும்பகை கம்பித் தையல். உப்புக்காற்றில் கம்பி துருவேறி, அதைச் சுற்றிய தாள் பழுப்பு வட்டமாகப் பொடிந்து, நடுத்தாள் இரண்டும் கழன்று வந்துவிடும். அப்படிக் கழன்ற தாளைப் பட்டியலிடும்போதே எண்ணி, “பக். 7–10 தனித்தாள், உள்ளே வைக்கப்பட்டுள்ளது” என்று எழுதிவிடுங்கள், அடுத்த முறை திறக்கும்போது அது இருக்கிறதா என்று பார்க்க வேறு வழி கிடையாது. பூச்சிக்கு வசம்பும், ஓலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெயும் நம் ஊர் வழக்கம். எண்ணெயைத் தாளில் படவிடக் கூடாது.

எல்லாவற்றையும் படம் எடுத்துவிட்டால் பட்டியல் எதற்கு?

பட்டியல் இல்லாத படங்களில் எதையும் தேட முடியாது. முதலில் எண், பிறகு படம். ஒவ்வொரு கட்டின் முதற்படத்திலும் அந்த எண்ணும் ஓர் அளவுகோலும் வண்ண அட்டையும் தெரிய வேண்டும். வெற்றுப் பக்கத்தையும் எடுங்கள், இல்லாவிட்டால் பக்கம் விடுபட்டதா வெறுமையா என்ற கேள்வி எழும். மூலப்படத்தைச் சுருக்காத வடிவில், ஊருக்கு வெளியேயும் ஒரு படியாக வையுங்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பட்டியலில் சேர்த்தால் ஏட்டை அரசு எடுத்துக்கொள்ளுமா? வாங்க ஆள் வந்தால் விற்கலாமா?

பட்டியலிடுவதால் உடைமை மாறாது. ஏடு வீட்டிலேயே இருக்கலாம்; பட்டியலிடுபவர்தான் வீட்டுக்கு வர வேண்டும். பொதுவில் வைக்கும் பதிவில் உரிமையாளர் பெயரும் முகவரியும் வராமல், “தனியார் தொகுப்பு, கீழக்கரை வட்டாரம்” என்ற அளவில் நிறுத்துவது வழக்கம். முழு விவரம் நூலகத்தின் உள் பதிவேட்டில் மட்டும் இருக்கும்.

விற்பனையில் எச்சரிக்கை வேண்டும். மேலே சொன்ன 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் வணிகத்துக்கு உரிமம் வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பும் உரிமை மத்திய அரசுக்கும் அது அதிகாரமளித்த அமைப்புக்கும் மட்டுமே உண்டு. ஏட்டில் புதையல் குறிப்பு இருக்கிறது, நாடி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் கட்டைப் பிரித்து நல்ல ஏடுகளை மட்டும் உருவிச் செல்வார்கள். கொடுப்பதானால் முழுக் கட்டாக, எழுத்து மூலம், சென்னையில் 1869இல் தொடங்கிய அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சை சரசுவதி மகால் போன்ற பொது நிறுவனத்துக்குக் கொடுங்கள்.

அச்சு நூலைப் படமெடுத்து வெளியிடுவதற்குப் பதிப்புரிமைக் கணக்கு உண்டு: ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. பட்டியலில் விவரம் மட்டும் கொடுப்பதற்கு அந்தத் தடை இல்லை.

பட்டியலில் தவறு கண்டால் திருத்தலாமா?

திருத்த வேண்டும், ஆனால் பழைய பதிவை அழிக்காமல். திருத்தியவர் பெயரெழுத்தும் தேதியும் காரணமும் குறிப்பில் வர வேண்டும். பழைய தலைப்பை மாற்றுத் தலைப்பாக விட்டுவையுங்கள், ஏனெனில் யாரோ ஒருவர் அந்தத் தலைப்பை ஏற்கெனவே தம் கட்டுரையில் மேற்கோள் காட்டியிருக்கலாம். சேர்க்கை எண்ணை மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்ற வேண்டாம். கட்டு வேறு நூலகத்துக்குப் போய்விட்டாலும் அந்த எண்ணை இன்னொரு கட்டுக்குக் கொடுக்காமல், போன இடத்தை அதன் எதிரே எழுதிவையுங்கள்.